நான்காம் பத்தியில் இல்லாத வரி

ஜனவரி 11

அன்புள்ள அண்ணனுக்கு,

வாலு எழுதுகிறேன். ஆண்டவர் தயவில் இங்கே நான் நலம். அதே தையல்கடை மாடி அறைதான். கீழே நாலு மெஷின் ஓடுவதால் என் கட்டில் பகலெல்லாம் லேசாக ஆடிக்கொண்டே இருக்கிறது. ஊஞ்சல் இல்லாத குறை எனக்கு இல்லை. அங்கே நீங்களும் அண்ணியும் பாப்பாவும் சுகம்தானே? அண்ணியின் முழங்கால் எப்படி இருக்கிறது?

ஒரு சேதி. எங்கள் அச்சகத்துக்குப் புது வேலை வந்திருக்கிறது. பதினேழு வருஷமாகப் பாடப் புத்தகத்திலும் கல்யாணப் பத்திரிகையிலும் எழுத்துப்பிழை பொறுக்கிக்கொண்டிருந்தவளுக்கு, முதல் முறையாக ரசித்துப் படிக்கும்படி ஒரு வேலை. நான்கு சுவிசேஷங்களையும் நான்கு பத்திகளாக அக்கம்பக்கமாக நிறுத்தி அச்சிடுகிறார்கள். ஒரே சம்பவத்தை நாலு பேரும் எப்படியெப்படிச் சொன்னார்கள் என்று ஒரே பார்வையில் தெரிய வேண்டுமாம். தயாரிப்பவர் யார் தெரியுமா? இறையியல் கல்லூரியில் உங்களுக்குப் பாடம் நடத்திய அதே பேராசிரியர்!

அச்சுக் கோக்கிற பெரியவர் நாலு பேருக்கும் பட்டப்பெயர் வைத்துவிட்டார். முதல் பத்தி வரிக்காரர். வரி வசூலித்தவர் என்பதால். இரண்டாவது அவசரக்காரர், எதற்கெடுத்தாலும் ‘உடனே, உடனே’ என்கிறாராம். மூன்றாவது வைத்தியர். நான்காவது நிதானக்காரர். “அம்மா, நிதானக்காரர் இங்க பாதிப் பக்கம் வெள்ளையா விட்டுட்டாரு, என்ன செய்ய?” என்று தினமும் என் மேசை முன்னால் வந்து நிற்கிறார்.

ஒரு சந்தேகம். ஆலயத்தில் வியாபாரிகளின் மேசைகளை இயேசு கவிழ்த்தாரே, அதை முதல் மூவரும் அவருடைய கடைசி நாட்களில் வைக்கிறார்கள். நிதானக்காரர் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறார். நடந்தது ஒரு தடவையா, இரண்டு தடவையா? எந்தப் பக்கத்தில் நிறுத்துவது? நீங்கள் என்றால் ஒரே வரியில் சொல்லிவிடுவீர்கள்.

அன்புள்ள தங்கை,
வாலு


ஜனவரி 20

என் அருமை வாலுக்கு,

உன் கடிதம் கண்டு மூவரும் மகிழ்ந்தோம். எல்லாரும் சுகம். அண்ணியின் முழங்கால் படிக்கட்டைக் கண்டால் வலிக்கிறது, பக்கத்து வீட்டுக்குப் பேசப் போனால் வலிப்பதில்லை.

ஒரே வரியில் சொல்லச் சொன்னால் போதகன் கேட்பானா? அந்த நால்வரும் தேதி குறித்துக்கொண்டு பின்னாலேயே நடந்தவர்கள் இல்லை, வாலு. பல வருஷம் கழித்து, வேறு வேறு சபைகளுக்காக எழுதினார்கள். எந்தச் சம்பவத்தை எங்கே வைத்தால் இயேசு யாரென்று விளங்கும் என்பதுதான் அவர்கள் கவலை. மூவருக்கு அந்த மேசைகள் சாவுக்குக் காரணம். அதனால் கடைசியில். நான்காமவருக்கு அது இயேசு வந்ததன் அடையாளம். அதனால் முதலில். ஆதிக்காலத்தில் ஒருவர் நாலையும் கலந்து ஒரே கதையாக்கினார். கொஞ்ச காலம் சில சபைகளில் அதைத்தான் படித்தார்கள். கடைசியில் சபை நாலையும் நாலாகவே வைத்துக்கொண்டது. முரண்பாடு இருந்தால் இருக்கட்டும், சாட்சி நாலு வேண்டும் என்றுதான். ஆகவே ஒட்டாதே. அவரவர் இடத்தில் விட்டு, ஓரத்தில் மற்ற இடத்தின் பக்க எண் மட்டும் கொடுக்கச் சொல்.

இன்னும் என்ன சந்தேகம் வந்தாலும் எழுது. இந்த விஷயத்தை என்னிடம் யாரும் கேட்டு எத்தனையோ வருஷம் ஆகிறது. சபையில் கேட்பதெல்லாம் கூரை ஒழுகுவதைப் பற்றித்தான்.

பேராசிரியரிடம் என்னைப் பற்றி எதுவும் சொல்லிக்கொண்டிருக்காதே. பெரிய மனிதர். அவசியம் இல்லை.

உன் நலம் கோரும்
அண்ணன்


பிப்ரவரி 2

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம், உங்கள் நலமும் அப்படியே இருக்கட்டும். உங்கள் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். நீங்கள் சொன்னபடி பக்க எண் கொடுக்கலாமா என்று கேட்டேன். பேராசிரியர் உடனே ஒப்புக்கொண்டார். நீங்கள் சொல்ல வேண்டாம் என்றதால் யார் யோசனை என்று சொல்லவில்லை.

பேராசிரியர் ஐயாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. பிழைதிருத்த எடுக்கும் ப்ரூஃப் தாள்களைப் பார்க்க முடியவில்லை. அதனால் சனிக்கிழமை மத்தியானம் அவர் வீட்டுக்குப் போய் நான்தான் வாசித்துக் காட்டுகிறேன். உட்கார இடமில்லாத வீடு. நாற்காலியில் புத்தகம், ஜன்னல்கட்டையில் புத்தகம். நான் ஒரு அகராதிக் குவியலின் மேல்தான் உட்காருகிறேன்.

போன வாரம் ஒன்று நடந்தது. மாதிரிப் பக்கமாக முதலில் கோத்தது, சீடர் தன் குருவைத் தெரியாதென்று மூன்று முறை சொல்கிற இடம். மூன்று பத்தியில் சேவல் கூவுகிறது, அவ்வளவுதான். அவசரக்காரர் மட்டும் இரண்டு தரம் கூவ வைக்கிறார். அச்சுக் கோப்பவர் நல்லெண்ணத்தில் அந்த ‘இரண்டு தரத்தை’ எடுத்துவிட்டிருந்தார். “நாலும் ஒண்ணுபோல இருக்கட்டும்னுதாம்மா” என்றார். நான் பிடித்துவிட்டேன். ஐயாவிடம் சொன்னதும் கையைத் தட்டிச் சிரித்தார்.

“இந்தம்மாவுக்குக் கண்ணு இருக்கு. எங்கிட்டப் படிச்சுப் பட்டம் வாங்கினவங்களுக்குக் கூட இல்லாத கண்ணு.”

அண்ணா, வீடு வரைக்கும் நடந்தே வந்தேன். பஸ் நினைவே வரவில்லை. உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

அன்புடன்
வாலு


மார்ச் 19

அன்புள்ள தங்கைக்கு,

இங்கு யாவரும் நலம். பதில் தாமதமாகிவிட்டது. சபைக் கூட்டம், கூரை வேலை, இரண்டு அடக்க ஆராதனை.

ஒன்று சொல்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ளாதே. எழுத்துப்பிழை பார்ப்பது வேறு, வேதத்தை ஆராய்வது வேறு. மூலமொழி தெரியாமல் இதில் கால் வைத்தால் வழுக்கும். வயதானவர்கள் சந்தோஷத்தில் ஏதாவது சொல்வார்கள். அதையெல்லாம் மனதில் ஏற்றிக்கொள்ளக் கூடாது. சனிக்கிழமை உனக்கு ஓய்வு நாள். தனியாக வாழ்கிற வயதானவர் வீட்டுக்கு நீ போய்வருவதை அக்கம்பக்கத்தில் எப்படிப் பார்க்கிறார்களோ, அதையும் யோசி.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்


மார்ச் 27

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகம். அண்ணிக்கும் பாப்பாவுக்கும் என் அன்பு.

உங்கள் கடிதம் வந்தது. எனக்கு நாற்பத்து மூன்று வயது, ஐயாவுக்கு எழுபத்தெட்டு, கதவைத் திறந்துவைத்துக்கொண்டு சேவல் எத்தனை முறை கூவியது என்று சண்டை போடுகிறோம். அக்கம்பக்கம் பார்க்கட்டும்.

மூலமொழி தெரியாது என்றீர்கள். கொஞ்சம் தெரியும். நான் சொன்னதே இல்லை. நீங்கள் கல்லூரியில் இருந்தபோது விடுமுறைக்கு வருவீர்கள், கிரேக்கப் பாட நோட்டை மேசையில் போட்டுவிட்டுக் கிரிக்கெட் ஆடப் போவீர்கள். நான் உட்கார்ந்து அந்த எழுத்துகளைப் படம் வரைவதுபோல் வரைவேன். உங்கள் முதல் வருஷ நோட்டை நீங்கள் தேடினீர்களே, நினைவிருக்கிறதா? அது என்னிடம்தான் இருக்கிறது. ‘வீட்ல ஒருத்தர் படிச்சாப் போதும்’ என்று அப்பா சொன்ன வருஷம் அது. அதற்குப் பிறகு நானே இழுத்துப் பிடித்துக் கற்றுக்கொண்டேன். உங்கள் அளவுக்கு இல்லை. ஆனால் ஒரு சொல் இருக்கிறதா இல்லையா என்று பார்க்கும் அளவுக்கு வரும்.

இப்போது கடைசிப் பகுதி ஓடுகிறது. ஒரு பெண் விலையுயர்ந்த வாசனைத் தைலம் கொண்டுவந்து இயேசுவின் மேல் ஊற்றுகிறாளே, அந்த இடம். வரிக்காரரும் அவசரக்காரரும் தலையில் ஊற்றினாள் என்கிறார்கள், வைத்தியரும் நிதானக்காரரும் காலில் என்கிறார்கள். முணுமுணுத்தது யார் என்பதிலும் நாலு பேருக்கு நாலு பதில்: சீடர்கள், சிலர், விருந்துக்கு அழைத்தவர், காட்டிக்கொடுக்கப் போகிறவன். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது இன்னொன்று. அவள் செய்ததை உலகமெங்கும் அவள் நினைவாகச் சொல்வார்கள் என்று இயேசு சொல்வது முதல் இரண்டு பத்தியில்தான் இருக்கிறது. அந்த இரண்டு பேரும் அவள் பெயரை எழுதவில்லை! நிதானக்காரர் பெயரை எழுதுகிறார், அவரிடம் அந்த வாக்கு இல்லை. இதைச் சொன்னதும் ஐயா நாலு பத்தியையும் மறுபடி வாசிக்கச் சொன்னார்.

பிறகு சொன்னார்: “தலைப்புப் பக்கத்துல என் பேருக்குக் கீழ உங்க பேரும் வரணும்மா. பாதி வேல உங்களது.”

அண்ணா, நம் வீட்டுப் பெயர் ஒரு புத்தகத்தின் மேல்! உங்களுக்குச் சந்தோஷம்தானே?

வாலு


மே 2

அன்பு நாத்தனாருக்கு,

அண்ணி எழுதுகிறேன். நானும் பாப்பாவும் நலம். உங்கள் அண்ணனுக்கும் உடம்பில் ஒரு குறையும் இல்லை. மற்றபடிதான் சொல்ல முடியவில்லை.

உங்கள் கடிதம் வந்து ஒரு மாதம் ஆயிற்று. தினமும் பதில் எழுத உட்காருகிறார். ‘அன்புள்ள’ என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடிவிடுகிறார். குப்பைக்கூடையில் ஆறு ‘அன்புள்ள’ பார்த்தேன்.

சாப்பிடும்போது நான்தான் பேச்செடுத்தேன். “உங்க தங்கச்சி பேரு புத்தகத்துல வருதாமே, ஒரு வாழ்த்து எழுதக் கூடாதா?”

“எழுதலாம், எழுதலாம். என்ன அவசரம்? இன்னும் அச்சாகலையே.”

“ஆனா என்ன, ஆகலைன்னா என்ன? சந்தோஷப்படறதுக்கு அச்சாகணுமா?”

“உனக்கு ஒண்ணும் தெரியாது. பிழை திருத்தறவங்க பேரையெல்லாம் அட்டையில போடற வழக்கம் எங்கயும் கிடையாது. அந்த மனுஷனுக்கு வயசாயிடுச்சு.”

தட்டில் கை கழுவிவிட்டு எழுந்து போய்விட்டார். போன ஞாயிறு பிரசங்கத்தில் பெருமையைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். “அப்பா இன்னிக்கு யாரத் திட்டினாரு?” என்று பாப்பா கேட்கிறாள். நான் என்ன சொல்ல?

எனக்கு உங்கள் அளவு படிப்பில்லை. இந்த மனுஷரோடு இருபது வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கிறேன், அவ்வளவுதான். அவர் வாயிலிருந்து வராததை நான் சொன்னால் நன்றாக இருக்காது. அவர் எழுதாததை உங்கள் மேல் கோபம் என்று நினைக்க வேண்டாம். இந்தக் கடிதம் அவருக்குத் தெரியாது.

அன்புடன்
அண்ணி


மே 12

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம்தானே? பதில் இல்லை என்றதும் வேலை அதிகம் என்று புரிந்துகொண்டேன்.

இத்துடன் பதிவுத் தபாலில் கடைசிப் பகுதியின் ப்ரூஃப் அனுப்பியிருக்கிறேன், பதினாறு பக்கம். நானே பல தடவை பார்த்துவிட்டேன். ஆனால் பார்த்த கண்ணே பார்த்தால், இருப்பதை விட்டுவிட்டு இருக்க வேண்டியதைப் படித்துவிடும். மூலமொழி தெரிந்த புதுக்கண் ஒன்று வேண்டும் என்றார் ஐயா. “என் அண்ணன் உங்க மாணவர்தாங்க” என்று சொல்லிவிட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள். உங்கள் பெயரையும் வருஷத்தையும் சொல்லிப் பார்த்தேன். அவருக்கு நினைவு வரவில்லை. “எத்தனையோ பேரும்மா” என்றார். ஆனால் கட்டாயம் அனுப்பச் சொன்னார்.

தைலம் ஊற்றுகிற பக்கத்தை மட்டுமாவது கவனமாகப் பாருங்கள். வரிகள் நேருக்கு நேர் வராமல் அதை மூன்று தரம் பிரித்துக் கோத்தோம். நீங்கள் சரி என்று ஒரு கார்டு போட்டால் போதும், மெஷினில் ஏற்றிவிடுவார்கள்.

நம்பிக்கையுடன்
வாலு


மே 24

அன்புள்ள தங்கைக்கு,

நலம். பதினாறு பக்கமும் பார்த்தேன். பிழை எதுவும் இல்லை. அச்சிடலாம். தாள்கள் தனித் தபாலில் பின்னால் வரும்.

அண்ணன்


ஜூன் 3

அண்ணா,

நலம் விசாரிக்க இன்று மனம் வரவில்லை.

சின்ன வயதில் உன்னை நீ என்றுதான் சொல்வேன். நீ போதகரான பிறகுதான் ‘நீங்கள்’. இந்தக் கடிதத்துக்கு நீ போதும்.

உன் கார்டு முதலில் வந்தது. அதை நம்பிப் பக்கத்தை மெஷினில் ஏற்றினார்கள். இரண்டு நாள் கழித்து உன் தாள்கள் வந்தன. அவற்றைக் கோப்பில் வைக்கத்தான் எடுத்தேன். என் மேசை ஜன்னலோரம். வெயில் தாளின் மேல் சாய்வாக விழுந்தது. தைலப் பக்கத்தின் நான்காம் பத்தியில், கடைசி வரியின் மேல், தாள் பள்ளமாக இருந்தது. யாரோ பென்சிலை அழுத்தி ஒரு கோடு இழுத்து, ஓரத்தில் ‘நீக்கு’ என்று எழுதி, பிறகு அழித்திருக்கிறார்கள். பதினேழு வருஷமாகப் பென்சில் குறியோடு வாழ்கிறவளிடம், ரப்பரால் தேய்த்தால் தெரியாது என்று நினைத்தாயா?

அப்புறம்தான் அந்த வரியைப் படித்தேன். அவள் செய்தது அவள் நினைவாகச் சொல்லப்படும் என்கிற வாக்கு. நிதானக்காரரிடம் இல்லாத வாக்கு. அங்கே வெள்ளை இடம் இருந்ததால், பிரித்துக் கோத்தபோது இரண்டாம் பத்தியிலிருந்து வந்து உட்கார்ந்துவிட்டது. அது அங்கே இல்லை என்று உனக்குக் கடிதம் எழுதியவளே நான்தான்! அந்தப் பக்கத்தைப் பதினொரு முறை படித்தேன், பார்க்கவில்லை. பெயரும் வாக்கும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை இருந்திருக்கிறது.

மெஷின்காரரிடம் ஓடினேன்.

“நிறுத்துங்கண்ணே!”

“இருநூறு தாள் ஓடிருச்சும்மா. இப்ப வந்து நிறுத்தச் சொல்றீங்க?”

“இல்லாத வரிய வேதத்துல சேத்துட்டோம்.”

“ஒரு வரிதானே, யாரு பாக்கப் போறா?”

“பாத்தவரு ஒருத்தரு இருக்காரு.”

இருநூறு தாளையும் என் கையால் கிழித்தேன்.

எனக்கு ஒன்றுதான் புரியவில்லை. எழுத்துப்பிழை என்றால் கூடப் பரவாயில்லை. இது ஆண்டவர் வாய்ச்சொல். ஞாயிறுதோறும் மேடையில் நின்று வாசிக்கிறவன் நீ. இது தெரிந்தும் எப்படி விட்டாய்? தவறைக் கண்டுபிடித்தது யார் என்று ஐயா கேட்டார். நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

வாலு


ஜூன் 26

வாலு,

நீ நலமாக இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று கடைசியில் சொல்கிறேன்.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் பட்டத்துக்காக நூற்று நாற்பது பக்கம் எழுதினேன். அதே வேலைதான்: நான்கு சுவிசேஷங்களின் ஒப்பீடு. ஒரு வருஷம் தூக்கம் விட்டு எழுதியது. உன் ஐயா அதன் கடைசிப் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதியது இவ்வளவுதான்: ‘உழைப்பு இருக்கிறது. கண் இல்லை.’ மேற்படிப்புக்கு எனக்கு இடம் கிடைக்கவில்லை. சபை ஊழியத்துக்கு அழைப்பு வந்தது என்று வீட்டில் சொன்னேன். அப்பா சந்தோஷப்பட்டார். நீயும் கை தட்டினாய்.

உனக்குக் கண் இருக்கிறது என்று அதே மனிதர் சொன்னதாக நீ எழுதினாய். வாசலில் தபால்காரர் நிற்கும்போதே படித்தேன். “ஐயா, ஏதாச்சும் கெட்ட சேதியா?” என்று கேட்டார். வயிறு எரிந்தது வாலு. உவமை சொல்லவில்லை, உண்மையிலேயே நெஞ்சுக்குக் கீழே எரிந்தது. பிறகு அவருக்கு என்னை நினைவே இல்லை என்று எழுதினாய். ஒரு மனிதர் ஒரு வரி எழுதிப்போட்டுவிட்டு மறந்துவிட்டார். நான் அதைத் தூக்கிக்கொண்டு பாதி வயதைக் கழித்திருக்கிறேன்.

அந்தப் பக்கத்தைப் படித்த முதல் நிமிடமே வரி கண்ணில் பட்டது. துள்ளிக் குதித்தேன். எனக்கும் கண் இருக்கிறது என்று சத்தமாகவே சொன்னேன். கோடு போட்டேன், ‘நீக்கு’ என்று எழுதினேன். காப்பி குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தபோது வேறு யோசனை வந்தது. இது இப்படியே அச்சானால் என்ன? உன் பெயர் தலைப்பில் இருக்கும், இந்த வரி உள்ளே இருக்கும். விஷயம் தெரிந்த யாராவது காட்டுவான். அப்போது உன் கண்ணைப் பற்றி ஐயா என்ன சொல்வார்? அழித்தேன். ஒரு நொடியும் தயங்கவில்லை. அதுதான் எனக்கு இப்போது பயமாக இருக்கிறது.

உன் கடிதம் வந்த வாரம் ரயில் ஏறி உன் ஊருக்கு வந்தேன். அண்ணியிடம் சபை ஊழியர் கூட்டம் என்றேன். அச்சகத்துக்கு எதிர்ப்பக்கம், சைக்கிள் பழுதுபார்க்கிற கடை நிழலில் நின்றேன். ஜன்னலில் நீ தெரிந்தாய். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, பூதக்கண்ணாடியை வைத்து வரி வரியாக நகர்த்திக்கொண்டிருந்தாய். அச்சுக் கோக்கிறவர் ஏதோ கேட்டார், நீ தலை நிமிராமலே பதில் சொன்னாய். அவர் சரி என்று போனார். மன்னிப்புக் கேட்கத்தான் வந்தேன். சத்தியமாக அதற்குத்தான். ஆனால் உன்னை அந்த மேசையில் பார்த்ததும், ‘அது என் நாற்காலி’ என்று உள்ளே ஒரு குரல். ரோட்டைத் தாண்ட முடியவில்லை. அடுத்த ரயிலில் திரும்பிவிட்டேன்.

ஐயாவிடம் உள்ளதைச் சொல். கண்டவனும் அழித்தவனும் ஒருவனே என்று சொல்.

அண்ணன்


ஜூலை 9

அண்ணாவுக்கு,

எனக்கு ஒரு வாரமாகக் காய்ச்சல், இப்போது தேவலை. நீயும் இந்த வெயிலில் வந்துவிட்டுப் போயிருக்கிறாய், உடம்பு எப்படி? ரோட்டைத் தாண்டியிருந்தால் ஒரு டீயாவது குடித்திருக்கலாம்.

ஐயாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சிவப்பு மை வரியையும் சொன்னேன்.

“நானா அப்படி எழுதினேன்?”

“ஆமாங்க.”

கொஞ்ச நேரம் மேசையைத் தடவிக்கொண்டிருந்தார். “அந்தப் பக்கத்த நான் கேட்டேன், நீங்க படிச்சீங்க, கோத்தவரு பாத்தாரு. கண்டது அவரு ஒருத்தர்தான். அப்பக் கண்ணில்லாதவன் யாரும்மா?” என்றார்.

இதைக் கேட்டதும் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? பொறாமை. அந்தப் பாராட்டு எனக்குத்தான் வர வேண்டும் என்று. துரோகம் பண்ணியது நீ, பொறாமைப்படுவது நான்! இதில் நாம் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்தான்.

நீ சொன்னதால் நானும் ஒன்று சொல்கிறேன். நீ கல்லூரிக்குப் போன முதல் வருஷம், தினமும் படுக்கும் முன் ஜெபம் செய்வேன். அண்ணன் நன்றாகப் படிக்க வேண்டும் என்று அம்மா கேட்கும்படி. பரீட்சையில் தவற வேண்டும் என்று மனசுக்குள். நீ மேற்படிப்பை விட்டு வந்தபோது நான் கை தட்டினேன் என்று எழுதியிருக்கிறாய். ஆமாம், தட்டினேன்.

நன்றியுரையில் உன் பெயரைப் போடலாமா என்று ஐயா கேட்டார். வேண்டாம் என்றேன். அது உனக்கு வலிக்கும். கொஞ்ச நாள் வலிக்கட்டும். என் பெயர் தலைப்புப் பக்கத்தில் இருக்கிறது. உனக்காக அதை எடுக்கப் போவதில்லை.

ஆனால் ஒரு வேலை இருக்கிறது. அடுத்து சொல்லடைவு தயாரிக்க வேண்டும். எந்தக் கிரேக்கச் சொல் எந்தப் பத்தியில் எத்தனை இடத்தில் வருகிறது என்ற பட்டியல். என் கிரேக்கம் அதற்குப் பத்தாது. உன் பெயர் எங்கும் அச்சாகாது. ஒரு வருஷ வேலை. முடிந்தால் எழுது, முடியாவிட்டாலும் எழுது.

அண்ணியிடம் மறைக்காமல் சொல். அவர்களுக்கு முக்கால்வாசி தெரியும்.

வாலு


செப்டம்பர் 14

என் தங்கைக்கு,

நாங்கள் நலம். உன் காய்ச்சல் திரும்ப வரவில்லையே? அண்ணியிடம் சொன்னேன். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், “அடுத்த தடவ போனா ரோட்டத் தாண்டுங்க” என்றாள், அவ்வளவுதான்.

புத்தகம் வந்தது. முதலில் தலைப்புப் பக்கத்தைப் பார்க்கவில்லை. நேராகத் தைலப் பக்கத்துக்குப் போனேன். நான்காம் பத்தியின் அடியில் வெறும் வெள்ளைத் தாள். ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு முன்னால் திருப்பி உன் பெயரைப் படித்தேன். நன்றாகக் கோத்திருக்கிறார்கள்.

நேற்று ஞாயிறு. ஆராதனை முடிந்ததும் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு மேடையில் நின்றேன். “இது என் தங்கச்சி செஞ்ச வேல” என்றேன். சொல்லும்போது வயிறு எரிந்தது வாலு. உனக்குப் பொய் சொல்லமாட்டேன். எரிய எரியத்தான் சொன்னேன்.

எல்லாரும் கை தட்டினார்கள். முன்வரிசையில் இருக்கிற ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் எழுந்து, “தங்கச்சிக்கு இதெல்லாம் சொல்லிக் குடுத்தது நீங்கதானே ஐயா? குரு யாருன்னு எங்களுக்குத் தெரியாதா?” என்று சிரித்தார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் வாயைத் திறக்கவே வேண்டாம். சிரித்துவிட்டுத் தலையைக் குனிந்தால் போதும், அடக்கம் என்று எடுத்துக்கொள்வார்கள். அந்தச் சிரிப்பு உதடு வரைக்கும் வந்துவிட்டது.

“இல்லைங்க,” என்றேன். “அவளுக்கு நான் எதுவும் சொல்லிக் குடுக்கல. அவளாவே படிச்சா.”

தலைமையாசிரியர் உட்கார்ந்துவிட்டார். பின்வரிசையில் அண்ணி மூக்கைச் சிந்துவது மட்டும் கேட்டது. கேட்டால் ஜலதோஷம் என்கிறாள்.

சொல்லடைவுத் தாள்களை அனுப்பு. இந்த வாரமே ஆரம்பிக்கிறேன்.

அண்ணன்